அடிக்குறிப்பின் அறம்

ஆய்வுக் கட்டுரையொன்றைச் சஞ்சிகைக்கு அனுப்ப ஆயத்தஞ் செய்யும் மாணவர் இறுதியாக மேற்கொள்ளும் வேலை, மேற்கோட் குறிப்புகளையும் உசாத்துணைப் பட்டியலையும் ஒழுங்கு செய்வதாகும். வாதம் முடிந்துவிட்டது, முடிவுரையும் எழுதப்பட்டுவிட்டது, பதிப்பாசிரியர் விதித்த நாளோ நெருங்கிவிட்டது. எஞ்சியிருப்பவை ஆசிரியர் பெயர், ஆண்டு, நூற்பெயர், பதிப்பகம், பக்க எண் என்பன மட்டுமே. இவற்றை எவ்வொழுங்கில் வைப்பது, எங்கே காற்புள்ளியிடுவது, எதனைச் சாய்வெழுத்தில் அமைப்பது என்னும் வினாக்கள் சிந்தனைக்குரியனவாக அவருக்குத் தோன்றுவதில்லை. சட்டை தைத்து முடித்தபின் பொத்தான் வைப்பது போன்ற வேலையாகவே அதனை அவர் கருதுகிறார். அவரை வழிநடத்தும் விரிவுரையாளரும் பெரும்பாலும் அவ்வாறே கருதுகிறார். காற்புள்ளி தவறியவிடத்துச் சிவப்பு மையினாற் கோடிடுகிறார்; காட்டப்பட்ட நூலைத் திறந்து பார்ப்பவர் மிகச் சிலரே.

இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. பிறர் கூற்றை எடுத்தாளும்போது அதன் மூலத்தைச் சுட்டவேண்டும் என்பது வெறும் புலமைத்துறை மரபா, அல்லது ஓர் அறக்கடமையா? மரபு மாத்திரமே எனின், அதனை மீறுபவர் விருந்துக்குரிய உடையணியாது விருந்துக்குச் சென்றவரைப் போன்றவர். அவரை நோக்கிச் சிரிக்கலாம், ஆனாற் குற்றஞ்சாட்ட இயலாது. அறக்கடமை எனின், அக்கடமை யாருக்குச் செலுத்தப்படுவது என்பதையும், அதன் உயிர் எவ்விடத்தில் உள்ளது என்பதையும் தெளிவுபடுத்தல் வேண்டும். இத்தெளிவு இல்லாமையினாலேயே, குறிப்புகளை மிக நேர்த்தியாக அமைத்தும் பொய்யுரைப்போரும், அமைப்பிற் பிழைவிட்டும் உண்மையாளராக நிற்போரும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர்.

குறிப்புகளின் வடிவம் வரலாற்றின் விளைபொருள் என்பதில் ஐயமில்லை. எட்வர்ட் கிப்பன் எழுதிய உரோமப் பேரரசின் தளர்வும் வீழ்ச்சியும் பற்றிய நூலின் முதற்றொகுதி 1776இல் வெளிவந்தபோது, அதன் குறிப்புகள் நூலின் இறுதியிலேயே அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வொரு குறிப்பிற்கும் பின்பக்கங்களைப் புரட்டவேண்டியிருப்பது வாசகருக்குத் தொல்லை எனத் தத்துவஞானி டேவிட் ஹியூம் அவ்வாண்டிலேயே பதிப்பாளருக்கு எழுதினார். பின்னைய பதிப்புகளில் அவை பக்கத்தின் அடிக்கு வந்தன. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பிறை அடைப்பிற்குள் இடும் முறை, ஹார்வார்ட் பல்கலைக்கழக விலங்கியலாளரான எட்வர்ட் லோரன்ஸ் மார்க் ஓடற்ற நத்தையினம் ஒன்றின் கருவளர்ச்சி குறித்து 1881இல் வெளியிட்ட கட்டுரையோடு தொடங்கியதாகக் கொள்ளப்படுகின்றது. சிக்காகோப் பல்கலைக்கழக அச்சகத்தின் கைந்நூல் 1906இல் முதன்முதல் வெளிவந்தது. அமெரிக்க உளவியலாளர் 1929இல் ஏழு பக்க அளவிலான அறிவுறுத்தலொன்றைத் தம் சஞ்சிகையில் வெளியிட்டனர். இன்று அது பெருநூலாக வளர்ந்துள்ளது. மருத்துவ சஞ்சிகைகளின் பதிப்பாசிரியர்கள் 1978இல் வன்கூவர் நகரிற் கூடி, வரிசை எண்ணிட்டுக் குறிக்கும் முறைக்கு ஒரு பொதுவடிவம் வகுத்தனர்.

இவ்வாறு காலத்துக்குக் காலம், துறைக்குத் துறை வேறுபடும் ஒன்றினை மாறா அறம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆண்டினைப் பெயருக்கு அடுத்து வைப்பதில் நன்மையும் இல்லை. இறுதியில் வைப்பதில் தீமையும் இல்லை. ஆயினும் மரபு என்பதனால் அது பொருளற்றது ஆகிவிடாது. இலங்கையில் வாகனங்கள் வீதியின் இடப்புறமாகச் செல்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் வலப்புறமாகச் செல்கின்றன. எப்புறம் என்பது உடன்பாடு. ஆனால் அவ்வுடன்பாடு காக்கும் பொருள் உயிர். அவ்வாறே குறிப்பின் வடிவமும் தன்னளவில் உடன்பாடே. அது காக்கும் பொருள் யாது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் முதல் விடை நன்றியறிதல் என்பதாகும். ஒருவர் உழைத்துக் கண்டதை இன்னொருவர் பெறுகிறார்; பெற்றவர் தந்தவரின் பெயரைச் சொல்லவேண்டும்; சொல்லாதவர் நன்றி மறந்தவர், ஒருவகையிற் கள்வரும் ஆவர். செய்ந்நன்றியறிதலுக்குத் தனியோர் அதிகாரம் வகுத்த மொழியைப் பேசுவோருக்கு இவ்விடை உடனே உவப்பாவது இயல்பே. எனினும் தமிழ்ப் புலமை மரபினைக் கூர்ந்து நோக்கின், இவ்விடை முழுமையுடையதன்று என்பது புலனாகும். இலக்கண நூலார் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூல்களைப் பாகுபடுத்தினர். முன்னோர் நூலின் வழியே செல்வது குறையாகாது. அதுவே முறை எனப்பட்டது. பவணந்தி முனிவர் முன்னோரின் கருத்தை மாத்திரமன்றி அவர்தம் சொற்களையும் அப்படியே எடுத்தாள இசைவளித்தார்; அது பழைமையைப் போற்றுதலாகவே கொள்ளப்பட்டது. தொல்காப்பியத்திற் பலவிடத்தும் வரும் 'என்ப' என்னும் வினைமுற்று, கூறப்படுவது தன்னொருவனின் கண்டுபிடிப்பன்று என்பதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் யார் கூறினார் என்பதைத் தனித்துச் சுட்டுவதில்லை. அறிவு பரம்பரையின் பொதுச்செல்வமாகக் கருதப்பட்ட அச்சூழலிற் பெயர் சுட்டாமையைக் களவு எனல் வரலாற்றுணர்வற்ற தீர்ப்பாகும். ஆகவே உடைமையையும் நன்றியையும் மட்டும் அடிப்படையாகக் கொண்டால், அக்கடமை நூலாசிரியர் தம் நூலைத் தமது சொத்தென எண்ணத் தொடங்கிய காலத்துக்கு மாத்திரம் உரியதாகிவிடும்.

ஆயினும், பெயர் சுட்டாமையால் விளைந்த இடர்ப்பாடும் அதே தமிழ் மரபிலேயே உண்டு. சீவகசிந்தாமணிக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் பழம்பாடற் பகுதிகளை ஏராளமாக எடுத்துக்காட்டுவார். ஆயின் அவை எந்நூலைச் சேர்ந்தவை எனப் பலவிடத்தும் கூறார். பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவிலே நின்றுவிடுவார். அவர் காலத்து மாணாக்கருக்கு அந்நூல்கள் மனப்பாடமாக இருந்திருக்கக்கூடும். நூற்றாண்டுகள் கழிந்தன, நூல்கள் வழக்கொழிந்தன, அவற்றின் பெயர்களைத்தானும் அறிந்தோர் அருகினர். சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையர், அம்மேற்கோள்களின் மூலத்தை அறிய இயலாது பெரிதும் இடர்ப்பட்டார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளைத் துருவியபோதே எட்டுத்தொகை முதலிய சங்கநூல்கள் அவருக்குத் தட்டுப்பட்டன. உரையிற் கண்ட பகுதிகள் பல அவற்றில் இருக்கக் கண்டார். 1887இற் சிந்தாமணி அச்சேறியது. பின்னர் தாம் பதிப்பித்த நூல்களின் முகவுரைகளில், ஏடு உதவியோர் பெயர்களையும் ஊர்களையும் அவர் வரிசைப்படுத்திக் குறித்தமை, மூலத்தைத் தேடி அலைந்தவர் தமக்குப் பின் வருவோர் அலையலாகாது என எண்ணியதன் விளைவு எனலாம்.

இங்கு துன்புற்றவர் யார் என்பது மனங்கொள்ளத்தக்கது. சங்கப் புலவர் துன்புறவில்லை. அவர் உடைமை எதையும் இழக்கவுமில்லை. துன்புற்றவர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த வாசகர். இதிலிருந்து இரண்டாவது விடையொன்று பிறக்கின்றது. மூலத்தைச் சுட்டுதல் தந்தவருக்குச் செலுத்தும் நன்றி மாத்திரமன்று. வரப்போகும் வாசகருக்குத் திறந்துவைக்கும் வழியுமாகும். எழுதுபவர் சொல்வதை வாசகர் நம்பவேண்டியதில்லை. அவர் தாமே சென்று பார்க்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். பக்க எண்ணைத் தரும் எழுத்தாளர் தம்மை மறுப்பதற்கான கருவியையே வாசகர் கையில் ஒப்படைக்கிறார். புலமை அதிகாரத்திலிருந்து வேறுபடுவது இவ்விடத்திலேயே. புறத்திரட்டைத் தொகுத்தவர் தாம் எடுத்துக்கொண்ட செய்யுள்களுக்கு நூற்பெயரையும் குறித்துவைத்தமையாலன்றோ முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்கள் இன்று அப்பெயரோடு வழங்குகின்றன! அந்நூற்பெயர்கள் விடுபட்டிருப்பின், செய்யுள்கள் எஞ்சியிருக்கும், முத்தொள்ளாயிரம் எஞ்சியிராது.

எனினும் இவ்விரண்டாவது விடையும் முற்றாகப் போதியதன்று. அதன் குறையை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். மாணவர் ஒருவர் அறிஞரொருவரின் நூலைப் படிக்கிறார். அந்நூலின் அடிக்குறிப்பொன்று, அரிதாய்க் கிடைக்கும் பழம்பதிப்பொன்றின் நாற்பதாம் பக்கத்தைச் சுட்டுகின்றது. மாணவர் அப்பழம்பதிப்பைக் கண்டதில்லை. ஆயினும் தமது கட்டுரையில் அதே பதிப்பையும் அதே பக்கத்தையும் நேரடியாகவே குறிக்கிறார். இடையில் நின்ற அறிஞரைக் குறிக்கவில்லை. குறிப்பு சரியானது, மேற்கோளும் பிழையற்றது. மூலநூலாசிரியர் தமக்குரிய மதிப்பைப் பெற்றுவிட்டார். வாசகருக்கும் சரியான வழி காட்டப்பட்டுவிட்டது. இங்கு நேர்ந்த தவறு யாது? இடையில் நின்ற அறிஞருக்குச் செய்த நன்றிக்கேடு மட்டுமா?

அதனினும் ஆழமான தவறொன்று இங்குண்டு. ஒவ்வொரு குறிப்பும் சொல்லாமற் சொல்லும் வாக்குமூலமொன்று உளது: "இதனைக் கண்டேன், இவ்விடத்திற் கண்டேன்" என்பதே அது. கட்டுரையின் வாசகம் உலகைப் பற்றிப் பேசுகின்றது. குறிப்போ எழுதுபவர் அதனை அறிந்தவாற்றைப் பற்றிப் பேசுகின்றது. எனவே வாசகம் உண்மையாயிருக்கும்போதே குறிப்பு பொய்யாயிருத்தல் கூடும். நீதிமன்றத்தில் ஒருவர், தாம் கேள்வியுற்ற உண்மையான செய்தியொன்றைத் தாம் நேரிற் கண்டதாகச் சத்தியஞ் செய்து கூறுவாராயின், செய்தி உண்மையென்பதால் அவர் பொய்ச்சாட்சியல்லர் என எவரும் கூறார்.

இப்பொய்யினால் விளையும் தீங்கு கற்பனையன்று. பத்துப் பேர் ஒரு செய்தியைத் தனித்தனியே கண்டு கூறின், அச்செய்தி பத்து மடங்கு உறுதிபெறும். ஒருவர் கண்டதை ஒன்பதின்மர் பார்த்தெழுதி, தாமும் கண்டதாகக் காட்டின், உறுதி ஒரு மடங்கே. தோற்றமோ பத்து மடங்கு. இவ்வாறு ஒரு பிழை பத்துச் சாட்சிகளோடு உலவத் தொடங்குகின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிம்கின், ரோய்ச்சௌத்ரி ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவுபடுத்தியது. பௌதிகவியற் கட்டுரையொன்று 4,300 அளவிலான கட்டுரைகளில் மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்தது. அவற்றுள் 196 குறிப்புகளிற் பக்க எண், தொகுதி எண் முதலியன பிழைபட்டிருந்தன. பிழைகள் தற்செயலானவை எனின் அவை வெவ்வேறாக இருத்தல் வேண்டும். ஆயின் வெவ்வேறு பிழைகள் 45 மாத்திரமே. ஒரே பிழை 78 தடவை திரும்பத் திரும்ப வந்திருந்தது. மூலத்தைத் திறந்து பார்த்த எழுபத்தெண்மர் ஒரே எண்ணைத் தவறாக எழுதியிருக்க இயலாது. ஒருவரின் பிழையை மற்றையோர் பார்த்தெழுதினர் என்பதே பொருத்தமான விளக்கமாகும். மேற்கோள் காட்டுவோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படிக்கின்றனர் என்பது அவ்வாய்வாளரின் மதிப்பீடு. அம்மதிப்பீட்டின் அளவு பற்றிக் கருத்து வேறுபடலாம். அது சுட்டும் நோய் பற்றி வேறுபட இயலாது. அப்பிழைபட்ட குறிப்புகளுட் காற்புள்ளி சரியாக இடப்பட்டவையும் பல இருந்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

வடிவம் சாட்சியத்திலிருந்து முற்றாகப் பிரிந்துவிடும் நிலை அண்மைக் காலத்தில் வெளிப்படையாயிற்று. 2023இல் நியூயோர்க்கின் கூட்டாட்சி நீதிமன்றமொன்றில், சட்டத்தரணிகள் தாக்கல் செய்த வாதவுரையொன்று முன்னைய தீர்ப்புகள் பலவற்றை மேற்கோள் காட்டியது. வழக்கின் பெயர், நீதிமன்றம், ஆண்டு, தொகுதி எண் யாவும் உரிய முறைப்படியே அமைந்திருந்தன. ஆனால் அவ்வழக்குகளுட் பல உலகில் நிகழ்ந்தனவேயல்ல. உரையாடும் கணினி நிரலொன்று அவற்றை இயற்றிக் கொடுத்திருந்தது. நீதிமன்றம் 5,000 டொலர் தண்டம் விதித்தது. கணினி பொய் சொல்லியது எனக் கூறுதல் பொருந்தாது. கண்டேன் என்று கூறும் தகுதியே அதற்கில்லை. கண்டேன் என்று கையொப்பமிட்டவர்கள் மனிதர்கள். குறிப்பின் வடிவத்தை எவ்விதப் பிழையுமின்றி அமைத்துத் தரும் கருவிகள் பெருகியுள்ள இக்காலத்தில், வடிவத்துக்குப் புள்ளி வழங்கும் ஆசிரியர் எதற்குப் புள்ளி வழங்குகிறார் என்னும் வினா தவிர்க்கவியலாதது. இயந்திரத்தால் இயலாதது ஒன்றே: மூலத்தின் முன் அமர்ந்து, பார்த்ததற்குப் பொறுப்பேற்றல்.

சாட்சியம் என்னும் இவ்விளக்கம் நவீன மேனாட்டுச் சரக்கென எவரேனும் கருதுவாராயின், அவர் அடியார்க்குநல்லாரின் உரைப்பாயிரத்தை நோக்குதல் நன்று. சிலப்பதிகாரத்தில் வரும் இசை, நாடகச் செய்திகளுக்கு உரை எழுதப் புகும் அவர், தாம் எவற்றைக் கொண்டு எழுதுகிறார் என்பதை முன்னதாகவே வெளிப்படுத்துகிறார். இசைக்கும் நாடகத்துக்கும் உரிய தொன்னூல்கள் பெயரளவில் மாத்திரம் எஞ்சி மறைந்தொழிந்தன என்கிறார். வேறு சிலவற்றிலிருந்து ஒருசில சூத்திரங்கள் வழங்குகின்றனவெனினும் முதலும் நடுவும் முடிவும் காணக்கிடையாமையால் அவையும் இறந்தனபோலும் என்கிறார். பின்னர், இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ்நூல் என்னும் ஐந்தனைப் பெயர் கூறி, இவை இக்காப்பியத்தின் கருத்தறிந்த நூல்களல்லவெனினும் ஒருபுடை ஒப்புமை பற்றி இவற்றைக் கொண்டு உரைமுடிப்பதாகக் கூறுகிறார்.

இதனினும் நேர்மையான உசாத்துணைக் குறிப்பு எம்மொழியிலும் அரிது. காணாததைக் காணவில்லை என்றார். துண்டாகக் கண்டதைத் துண்டு என்றார். கண்டதன் பொருத்தமின்மையையும் மறைக்கவில்லை. பதிப்பாண்டோ பக்க எண்ணோ அவரிடமில்லை. எந்த நவீன சஞ்சிகையின் வடிவமுறைக்கும் அக்குறிப்பு உடன்படாது. ஆயினும் குறிப்பின் உயிர் முழுவதும் அங்குள்ளது. 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலானந்த அடிகள் பழந்தமிழிசையை மீட்டுணர முயன்றபோது அவ்வுரை இன்றியமையாத சான்றாயிற்று. அவ்வைந்தனுள் ஒன்றாகிய பஞ்சமரபு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏட்டிலிருந்து அச்சேறியபோது, உரையாசிரியர் பெயர் சுட்டி வைத்தமையின் பயன் மீண்டும் விளங்கிற்று.

நூல்கள் அழியும் என்பதை அடியார்க்குநல்லார் அறிந்திருந்தார். ஈழத்துத் தமிழ் மாணவர் அதனை உரைகளிற் படித்தறிய வேண்டியதில்லை. 1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு பெறற்கரிய ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. கட்டடம் பின்னர் மீளவும் எழுந்தது, நூல்களும் சேர்ந்தன, ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவிற் காக்கும் நூலகம் என்னும் முயற்சி 2005இல் தொடங்கி வளர்ந்துள்ளது. எனினும், வேறெங்கும் படியில்லாதிருந்த ஓர் ஏடு எரிந்துபோன பின்னர், அதனைக் கண்டு குறிப்பெடுத்த ஆய்வாளரின் அடிக்குறிப்பு புதியதோர் இயல்பைப் பெறுகின்றது. அது இனி வாசகருக்கு வழிகாட்டாது. வழி சென்று முடியுமிடத்திற் சாம்பலே உள்ளது. இரண்டாவது விடை இங்கு பயனற்றுப் போகின்றது. எஞ்சுவது சாட்சியம் மாத்திரமே.

இத்தகைய நிலையில், அவ்வாய்வாளர் உண்மையிலேயே அவ்வேட்டைக் கண்டாரா, அல்லது தமக்கு முன் கண்டவரின் குறிப்பைத் தாம் கண்டதாக எழுதினாரா என்பது சிறிய வினாவன்று. ஒரு சமூகத்தின் நினைவு அதன்மேல் நிற்கின்றது. அன்று, நூலகம் இருக்கின்றது, வேண்டுவோர் சென்று பார்க்கலாம் என்ற துணிவில் இடைமூலத்தை மறைத்தவர், தாமறியாமலே, பின்னொருநாள் எவராலும் தீர்க்கவியலாத ஐயமொன்றை விட்டுச்சென்றார். இன்று எழுதும் மாணவரும் இதற்கு விலக்கல்லர். அழிந்த நூலொன்றை முன்னையோர் ஆய்வேட்டின் வாயிலாக மாத்திரம் அறிந்தவர், "இன்னார் மேற்கோள் காட்டியவாறு" என்ற சிறு தொடரைச் சேர்க்க நாணுதல் ஆகாது. அத்தொடர் புலமைக் குறைவின் அடையாளமன்று. சங்கிலியின் ஒரு கண்ணி எங்குள்ளது என்பதை அது காட்டுகின்றது. அதனை நீக்கிவிட்டால் சங்கிலி நீண்டதாகத் தோன்றும், ஆனாற் பாரந் தாங்காது.

ஈண்டு மறுப்பொன்று எழலாம். சாட்சியமே உயிரெனின் வடிவத்தை முற்றாகப் புறக்கணிக்கலாமே என்பது அது. அவ்வாறன்று. வடிவம் வாக்குமூலத்தைத் தெளிவாகச் சொல்லும் கருவி. பதிப்பாண்டைத் தராதவர் எந்தப் பதிப்பைக் கண்டார் என்பதைச் சொல்லாது விடுகிறார். ஆயின் கருவி பொருளைச் சிதைக்கும்போது அதனைத் திருத்தவும் வேண்டும். இதற்குத் தமிழ்ப் பெயர்களே சான்று. மேனாட்டு வடிவமுறைகள் குடும்பப் பெயரை முதலில் நிறுத்துகின்றன. தமிழர் பெயரின் முன் நிற்கும் முதலெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது. பின் நிற்பதே அவரவர் பெயர். முதலெழுத்தை விரித்து அதனைக் குடும்பப் பெயராகக் கொள்ளின், நூலை எழுதியவர் மகளாயிருக்கப் பட்டியலில் நிற்பவர் தந்தையாகிறார். மணத்தின்பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளரோ ஈராளாகப் பிரிந்துபோகிறார். முதலெழுத்தை விட்டுப் பெயரையும் ஆண்டையும் மாத்திரம் தந்தால், இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கி யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் நாடகங்கள் எழுதிய க. கணபதிப்பிள்ளையும், சைவ, இலக்கியக் கட்டுரைகளாற் புகழ்பெற்ற பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையும் ஒருவராகிவிடுகின்றனர். இவ்விடங்களில் விதியைக் கண்மூடிப் பின்பற்றுதல் ஒழுங்காகாது; யார் கூறினார் என்பதைப் பிழைபடக் கூறுதலேயாகும். விதி உண்மைக்காக வகுக்கப்பட்டதாகலின், உண்மைக்காக அதனை வளைத்தல் விதிமீறலன்று.

பெயர் பெறுவோர், பெறாதோர் என்னும் வேறுபாடும் சிந்தனைக்குரியது. மட்டக்களப்புக் கிராமங்களில் நாட்டார் பாடல் திரட்டும் ஆய்வாளர், பேராசிரியர் எழுதிய நூலுக்குப் பக்க எண் தருகிறார். நூறு பாடல்களைப் பாடிக்காட்டியவரை 'ஒரு மூதாட்டி' என்பதோடு விட்டுவிடுகிறார். கூத்தின் ஏட்டைத் தலைமுறையாகக் காத்துவந்த அண்ணாவியாரின் பெயர் முன்னுரையில் நன்றிப் பட்டியலின் கடைசியில் வருகின்றது, அல்லது வருவதேயில்லை. அச்சிட்டதே மூலம், சொன்னது மூலமன்று என்னும் எண்ணம் இங்கு மறைந்து நிற்கின்றது. ஆயின் சாட்சியம் என்ற நோக்கில், பாடலை அறிந்த வழி அம்மூதாட்டியே. அவர் பெயரும் ஊரும் கேட்ட நாளும் இல்லாத பாடல், மூலமற்ற பாடலாகும். இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. போர்க்காலத் துயரைக் கூறியவரின் பெயரை வெளியிடுதல் அவருக்குத் தீங்கு பயக்கக்கூடும். அங்கு பெயரை மறைத்தலே அறம். எனினும் மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு. பெயர் மறைக்கப்பட்டுள்ளது என்பதையும் அதன் காரணத்தையும் கூறும் குறிப்பு உண்மையானது; கற்பனைப் பெயரொன்றை உண்மைப் பெயர் போல இட்ட குறிப்பு பொய்யானது.

இவ்வாறு நோக்குமிடத்து, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்குரிய விடை தெளிவாகின்றது. மூலத்தைச் சுட்டுதலில் மூன்று கடமைகள் உள்ளன. தந்தவருக்கு நன்றி, வாசகருக்கு வழி, இவ்விரண்டுக்கும் அடித்தளமாக, தான் அறிந்தவாற்றைப் பற்றித் தான் பொய்யுரையாமை. முதலாவது காலத்தோடு மாறலாம். இரண்டாவது நூலோடு எரியலாம். மூன்றாவது எழுதுபவர் கையில் மாத்திரம் உள்ளது. அதனாலேயே அது முழுமையாக அறத்தின்பாற்பட்டது.

இவ்விடை நடைமுறையில் வேண்டுவது பெரிதன்று. குறிப்பு கட்டுரையின் முடிவில் எழுதப்படுவதன்று. நூல் திறந்திருக்கும்போதே எழுதப்படுவது. பின்னர் தேடிக்கொள்ளலாம் என விட்டுவைத்த குறிப்பே இறுதி இரவில் இன்னொருவர் பட்டியலிலிருந்து எடுத்து நிரப்பப்படுகின்றது. விரிவுரையாளருக்கும் ஒரு கடமையுண்டு. நாற்பது குறிப்புகளின் காற்புள்ளிகளைத் திருத்தும் நேரத்தில், அவற்றுள் இரண்டின் மூலத்தைத் திறந்து பார்ப்பாராயின், மாணவர் கற்றுக்கொள்ளும் பாடம் வேறாக இருக்கும். நாற்பது நூல்களைப் பட்டியலிட்டு ஆறினைக் கண்டவரினும், ஆறினைக் கண்டு ஆறினையே பட்டியலிட்டவர் மேலானவர் என்பதைப் புள்ளியிடும் முறையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அடிக்குறிப்பு பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், பலராலும் படிக்கப்படாது கிடப்பது. எவரும் பாரார் என்ற நிலையிலும் உண்மையாக எழுதப்படுவதே அதன் பெருமை. பார்க்க வருபவர் அடுத்த மாதம் வரலாம்; மூலநூல் அழிந்து, அக்குறிப்பொன்றே எஞ்சியிருக்கும் காலத்திலும் வரலாம். அவர் வரும்போது அங்கு எழுதியவர் இரார். கண்டேன் என்று எழுதிய சொல் மாத்திரம் இருக்கும்.